கண்டெய்னர் அண்ணாச்சியும் அறுபத்து மூவரும்

உலகத்திலேயே யாரையும் வழியனுப்பத் தெரியாத ஒரே மனிதர் கண்டெய்னர் அண்ணாச்சிதான். ஒருமுறை தம்பானூர் ஸ்டாண்டில் என்னை நாகர்கோவில் பஸ் ஏற்றிவிட வந்தார். பேச்சு முடியவில்லை. தானும் ஏறிக்கொண்டார். பாலராமபுரத்தில் இறங்கினார். அங்கேயும் முடியவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி பஸ்ஸோடு பத்தடி நடந்தார். கண்டக்டர் மலையாளத்தில் சொன்னதை இந்தப் பத்திரிகையில் அச்சிட முடியாது.

"ஓய் மேனுவல், வீடு போய்ச் சேந்ததும் போன் போடும். பாதியில நிக்கி!"

மேனுவல் என்பது நான்தான். அது என் பிழைப்பின் பெயர். கேரளத்தில், கழக்கூட்டத்தில் ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் ஒன்பது பேர் கொண்ட கம்பெனி எங்களுடையது. தலைமையகம் பெங்களூரில். கல்யாண மண்டபங்களுக்கு மென்பொருள் செய்வோம்: எந்தத் தேதி யாருக்கு, பந்திக்கு எத்தனை இலை, ஜெனரேட்டர் வேண்டுமா, மணமகன் அறையில் கண்ணாடி உடையாமல் இருக்கிறதா, எல்லாம். அந்த மென்பொருளுக்கு உபயோகக் குறிப்பு, அதாவது மேனுவல், எழுதுகிறவன் நான். எல்லாம் சரியாக நடக்கும்போது யாரும் படிக்காத, எதுவும் சரியாக நடக்காதபோது யாருக்கும் புரியாத இலக்கிய வகை அது. அதில் நான் இருபத்தாறு வருஷமாகக் கோலோச்சி வந்தேன்.

அண்ணாச்சியின் வேலை கண்டெய்னர்களைக் கிளப்புவது. விழிஞ்ஞத்தில் கப்பலிலிருந்து இறக்குகிறார்களே, அந்த இரும்புப் பெட்டி அல்ல. (அண்ணாச்சியின் சம்பந்தி வீட்டில் மட்டும் அவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார் என்றே நம்பினார்கள். அவரும் திருத்தவில்லை. கிரேன் என்றால் ஒரு கனம் இருக்கிறதாம்.) இது கண்ணுக்குத் தெரியாத பெட்டி. ஒரு மென்பொருளை, அது ஓடுவதற்கு வேண்டிய உப்பு, புளி, அடுப்பு, கரண்டி சகிதம் ஒரு பெட்டியில் அடைத்துவிடுகிறார்கள். எந்தக் கம்ப்யூட்டரில் வைத்துத் திறந்தாலும் அதே ருசியில் சமையல் நடக்கும். வேலை முடிந்தால் பெட்டியை நிறுத்தலாம். நிறுத்திய பெட்டி மறைந்துபோவதில்லை. உள்ளே இருப்பதெல்லாம் உள்ளேயே இருக்க, ஒரு மூலையில் தூங்கும். யாராவது 'நீக்கு' என்று கட்டளை போட்டால்தான் போகும். கண்டெய்னரைப் பற்றி வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது இவ்வளவுதான். எனக்கும் இதற்குமேல் தெரியாது.

மற்ற கம்பெனிகளில் இதையெல்லாம் பொத்தானைத் தட்டிச் செய்வார்கள். அண்ணாச்சிக்குப் பொத்தான் ஆகாது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் கட்டளை அடித்துத்தான் கிளப்புவார். அந்தக் கட்டளைகளில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு சுருக்கம் உண்டு. ஒரு சொல் முழுக்க அடிப்பதற்குப் பதில் ஒரே எழுத்து போதும். அண்ணாச்சி ஒரு நாளும் சுருக்கத்தைத் தொட்டதில்லை.

"பெரிய காரியத்துக்கு ஒருத்தரை அனுப்புதோம். ஒத்தை எழுத்துல கூப்பிட்டா மூஞ்சியைத் தூக்கிட்டுப் போகமாட்டாரா?"

மேல்நோக்கிய அம்புக்குறியை அழுத்தினால் முன்பு அடித்த கட்டளை திரும்ப வரும். உலகம் முழுக்க லட்சக்கணக்கான இன்ஜினியர்கள் அந்த ஒரு விசையை நம்பித்தான் குடும்பம் நடத்துகிறார்கள். அண்ணாச்சியின் விசைப்பலகையில் அது மட்டும் புதுசுபோல் பளபளத்தது.

"ஒருத்தருக்கு எழுதின கல்யாண லெட்டரை, பேரை வெட்டிட்டு இன்னொருத்தருக்குக் குடுப்பீரா வே?"

ஆகவே ஒவ்வொரு கண்டெய்னருக்கும் மூன்று வரிக் கட்டளையை முதலிலிருந்து, வாயால் சொல்லிக்கொண்டே அடிப்பார். தூரத்திலிருந்து பார்த்தால் யாருக்கோ அர்ச்சனை நடப்பதுபோல் இருக்கும். ஒரே ஒரு புள்ளி பிசகினாலும் முழுவதையும் அழித்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பார். பக்கத்து சீட்டில் இருந்த எனக்கு இரண்டே மாதத்தில் கட்டளைகள் மனப்பாடம் ஆகிவிட்டன. அர்த்தம் மட்டும் தெரியாது. மந்திரங்கள் விஷயத்திலும் என் நிலைமை அதுதான் என்பதால் வித்தியாசமாகத் தோன்றவில்லை.

ஆனால் இதெல்லாம் சில்லறை. அண்ணாச்சியின் மெய்யான வியாதி பெயர் வைப்பது.

ஒரு கண்டெய்னருக்கு நாம் பெயர் சொல்லாவிட்டால் கம்ப்யூட்டரே ஒன்றைச் சூட்டிவிடும். ஏதாவது ஒரு குணத்தையும் ஏதாவது ஒரு விஞ்ஞானியையும் ஒட்டவைத்து, 'குழம்பிய இன்னார்', 'குதூகலமான இன்னார்' என்று. ஊரெல்லாம் அதையே வைத்து ஓட்டுகிறது. அண்ணாச்சி அதைப் பார்த்தால் திரையிடமே கேட்பார்:

"நம்ம வீட்டுல பொறந்த பிள்ளைக்குத் தெருவுல போறவன் பேரு வைப்பானா?"

அவருடைய ஊர் நாகர்கோவிலுக்கு வடக்கே. அங்கே பெயர் வைப்பதற்கு முறை உண்டு. மூத்ததற்கு அப்பாவைப் பெற்ற தாத்தா பெயர். அடுத்ததற்கு அம்மாவைப் பெற்ற தாத்தா பெயர். அதன் பிறகு பெரியப்பா, சித்தப்பா, மாமா என்று படி இறங்கும். அண்ணாச்சி அதே முறையை சர்வரில் அமல்படுத்தினார். தகவல் சேமிக்கும் கண்டெய்னர்களுக்கு மட்டும் பெண் பெயர்கள். ஏன் என்று கேட்டேன்.

"யார் யாரு எந்தக் கல்யாணத்துக்கு வரலைன்னு முப்பது வருசமா ஞாபகம் வெச்சிருக்கது பொம்பளையளுதானே வே?"

ஒரே வருஷத்தில் அண்ணாச்சியின் குடும்பம் தீர்ந்துவிட்டது. பிறகு எங்கள் குடும்பங்களுக்கு வந்தார்.

"ஓய் மேனுவல், உம்ம கொள்ளுத்தாத்தா பேரென்ன?"

தெரியாது என்றேன். அவர் மூக்குக் கண்ணாடியை இறக்கினார். என்னைப் பார்த்தார். எனக்கு வேஷ்டி அவிழ்ந்துவிட்டதுபோல் இருந்தது, பேண்ட் போட்டிருந்தும். அன்று மத்தியானமே ஊரில் பெரியம்மாவுக்குப் போன் செய்து, எட்டு வருஷம் பேசாததற்கான ஏச்சுகளை வரிசையாக வாங்கிக்கொண்டு, பெயரைத் தெரிந்து வந்தேன்: நீலகண்டன். மறுநாள் காலையில் என் கொள்ளுத்தாத்தா சர்வரில் கிளம்பிவிட்டார். கல்யாணக்காரர்களுக்கு முந்தின நாள் நினைவூட்டுச் செய்தி அனுப்பும் வேலை.

"நல்லா ஓடுதாரு வே உங்க தாத்தா. நிக்காம ஓடுதாரு."

எங்கள் வம்சத்தில் இதற்குமுன் ஒருவர் தொடர்ந்து எட்டு மணி நேரம் வேலை பார்த்ததாகத் தகவல் இல்லை. வீட்டில் சொல்லிப் பெருமைப்பட்டேன்.

இப்படிப் பெயர் வைத்துவிட்டால் பிறகு எப்படி நீக்குவது? 'கில்', அதாவது 'கொல்', என்று ஒரு கட்டளை இருக்கிறது. அதை யாராவது வாயால் சொன்னாலே அண்ணாச்சி காதைப் பொத்துவார். 'ஸ்டாப்' போடுவார். அதுவும் சாதாரணமாகப் போட்டால் பத்து விநாடி பொறுத்துவிட்டுத் தலையில் தட்டி நிறுத்திவிடும் என்பதால், ஒரு நிமிஷ அவகாசத்தோடு போடுவார். "பெரியவங்க. என்ன ஏதுன்னு சொல்லி முடிக்கவேண்டாமா?" நின்றபிறகு கம்ப்யூட்டர் ஒரு எண் காட்டும். பூஜ்யம் என்றால் நல்லபடியாக நின்றது. நூற்று முப்பத்தேழு என்றால் நினைவகம் போதாமல் பலவந்தமாக நிறுத்தப்பட்டது. அந்த நூற்று முப்பத்தேழைப் பார்த்த அன்று அண்ணாச்சி பதினொரு மணி டீயைக் குடிக்கமாட்டார்.

நின்றவுடன் தானாகவே நீங்கிப்போகும்படி கிளப்பும்போதே சொல்லிவைக்கவும் ஒரு சொல் உண்டு. நான் மேனுவலில் அதைச் சிபாரிசு செய்து எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு நேராக என் மேஜைக்கு வந்தார்.

"பேரு வைக்கிற அன்னைக்கே பதினாறாம் நாள் விசேசத்துக்கும் தேதி குறிக்கச் சொல்லுதீரு. உமக்கு நெஞ்சுல ஈரமே கெடையாதா?"

இப்படியாக எங்கள் சர்வரில், நின்றுபோய், நீக்கப்படாமல், பெயரோடும் உள்ளடக்கத்தோடும் துயில் கொண்டவர்களின் எண்ணிக்கை அறுபத்து மூன்றை எட்டியது. நாயன்மார் கணக்கு. கோயிலில் இருந்தால் வரிசையாகச் சிலை வைத்து மாலை போட்டிருப்பார்கள்.

இங்கே முத்துலட்சுமியை அறிமுகப்படுத்த வேண்டும். இருபத்தொன்பது வயது. சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக் குடும்பத்துக்கு மருமகள். இரண்டு வருஷமாக ஒப்பந்த வேலை. ஆற்றிங்கல் பக்கம் மூன்று மண்டபங்கள் வைத்திருக்கும் ஒரு முதலாளி எங்கள் மென்பொருளைச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சோதனையை நடத்தியது முத்துலட்சுமி. முதலாளி கையெழுத்துப் போட்டால் அவளுக்கு நிரந்தர வேலை. போடாவிட்டால் மாதக் கடைசியோடு வீட்டுக்கு.

"வீட்டுக்குன்னா வீட்டுக்கு இல்ல சார், கடைக்கு. மாமா இப்பவே கல்லா பக்கத்துல எனக்கு நாற்காலி போட்டு வெச்சிருக்காங்க. அஞ்சு வருசம் இன்ஜினியரிங் படிச்சுட்டு எவர்சில்வர் குடத்துக்கு நடுவுல உக்காந்து, 'அண்ணே, இது கனம் கூடுன குடம், தட்டிப் பாருங்க'ன்னு சொல்லணும். அதுக்கு நான் பாபநாசத்துல போய்க் குதிச்சிருவேன்."

அஞ்சு வருஷமா, நாலு வருஷம்தானே என்று கேட்டேன். ஒரு வருஷம் கணக்கில் விழுந்துவிட்டதாகச் சொன்னாள்.

சோதனைக்கான கண்டெய்னரை அவள் கிளப்பிய அன்று அண்ணாச்சி ஒரு கல்யாணத்துக்காக விடுப்பு. எங்கிருந்தோ ஒரு சுருக்கக் கட்டளையை எடுத்து ஒட்டி, தட்டிவிட்டாள். கம்ப்யூட்டர் 'குதூகலமான' யாரோ ஒருவர் என்று பெயரிட்டது. மறுநாள் வந்த அண்ணாச்சி பார்த்துப் பதறி, உடனே பெயரை மாற்றினார். மண்டபக் காரியம் ஆயிற்றே, கனமான பெயராக வேண்டாமா? முத்துலட்சுமியின் மாமனார் பெயரையே வைத்துவிட்டார்: உலகநாதன்.

கௌரவம்தான். ஆனால் அந்த வீட்டில் மருமகள்கள் மாமனார் பெயரை வாயால் சொல்லும் வழக்கம் இல்லை. முத்துலட்சுமி கம்ப்யூட்டரில் முதல் இரண்டு எழுத்தை அடித்துவிட்டு 'டேப்' விசையைத் தட்டுவாள். மீதியை அதுவே நிரப்பிக்கொள்ளும், பாவம் அதைச் சேரும். பேசும்போதுதான் சிக்கல். தினமும் பத்து மணிக்கு பெங்களூர் மேலதிகாரியோடு வீடியோவில் ஒரு கூட்டம் நடக்கும். அதில் ஒருநாள் அவள் சொன்னாள்:

"எங்க மாமா நேத்து ரெண்டு தடவை விழுந்துட்டாங்க சார். தூக்கி நிறுத்தியிருக்கேன்."

மேலதிகாரி பதறிப்போய், உடனே லீவு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னார்.

"வேண்டாம் சார். கொஞ்சம் மெமரி கூட்டிக் குடுத்தா போதும்."

அவர் அன்று முழுக்க எங்கள் கிளையிலிருந்து வந்த எந்த மெயிலுக்கும் பதில் போடவில்லை.

இந்த நிலைமையில்தான் கொச்சியிலிருந்து வினோத் என்ற புது மேனேஜர் வந்தார். நல்ல மனிதர். முப்பத்து நாலு வயது, கையில் எப்போதும் ஒரு பெரிய தண்ணீர் பாட்டில். வந்த மூன்றாம் நாள் சர்வரில் இடம் தீர்ந்துபோய் எச்சரிக்கை வந்தது. அண்ணாச்சியின் பட்டியலைத் திறந்து பார்த்தார்.

"எந்தா அண்ணாச்சி இது? அறுபத்திமூணு டெட் பாடி!"

"டெட் பாடி இல்ல சாரே. ரெஸ்டுல இருக்காங்க."

"மதி, போதும். இடம் இல்லா. வெள்ளியாழ்ச்ச காலத்து பதினொண்ணு மணிக்கு ஞான் ப்ரூன் அடிக்கும். தீர்ந்து."

ப்ரூன் என்பது நின்றுபோன எல்லாக் கண்டெய்னர்களையும் ஒரே அடியில், பெயர்கூடக் கேட்காமல், நீக்கிவிடும் கட்டளை. ஓடிக்கொண்டிருப்பவற்றைத் தொடாது. இந்த இரண்டாவது வாக்கியத்தை மேனுவலில் எழுதியவன் நான். அந்தக் கம்பெனியில் அதைப் படித்தவர் அண்ணாச்சி ஒருவர்தான் என்பது பின்னால் தெரிந்தது.

"வெள்ளிக்கிழமையா?" என்றார் அண்ணாச்சி. "அன்னைக்கு வாவுல்லா சாரே?"

கர்க்கடக வாவு. நமக்கு ஆடி அமாவாசை. ஊரே கடற்கரைக்குப் போய் முன்னோர்க்குப் பிண்டம் வைக்கும் நாள். அரசாங்க விடுமுறை. எங்களுக்கு பெங்களூர் காலண்டர்.

"அதினெந்தா? வெளுப்பினே சங்குமுகத்து போயி பலியிட்டுட்டு ஞான் பத்தரைக்கு இங்கே எத்தும்."

காலையில் பலி, பதினொன்றுக்கு ப்ரூன். அண்ணாச்சி சீட்டில் போய் உட்கார்ந்தார். அடுத்த இரண்டு நாளும் அவர் யாரிடமும் வாய் திறக்கவில்லை. எனக்கு அது பயமாக இருந்தது. பேச்சை முடிக்கத் தெரியாதவர் ஆரம்பிக்கவே இல்லையென்றால் என்ன அர்த்தம்?

வியாழக்கிழமை மாலை முத்துலட்சுமி மண்டப மென்பொருளின் புதிய பதிப்பைக் கிளப்பினாள். பழைய கண்டெய்னரை, அதாவது மாமாவை, தூங்குகிறவர்களோடு அறுபத்து நாலாவது ஆளாக நிறுத்திவைத்தாள். எல்லாம் பச்சை விளக்கு. சந்தோஷமாக வீட்டுக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது ஆற்றிங்கல் மண்டபத்து கிளார்க்கிடமிருந்து போன். ஸ்பீக்கரில் இருந்ததால் எல்லோரும் கேட்டோம். கர்க்கடகத்தில் இங்கே கல்யாணம் கிடையாது. அடுத்து வரும் சிங்ஙம், நம்முடைய ஆவணி, பிறந்ததும் ஊரே ஒரே மூச்சில் தாலி கட்டும். அந்த மாதத்துப் பதிவுகளை எல்லாம் கிளார்க் மூன்று வாரமாக எங்கள் மென்பொருளில் ஏற்றியிருந்தார்.

"மோளே, சிங்ஙம் முழுசும் காலி. ஒத்தை கல்யாணம் இல்லா. கேரளத்தில் ஆரும் இனி கல்யாணம் கழிக்கண்டான்னு தீருமானிச்சோ?"

முத்துலட்சுமி தான் அன்று ஒட்டிய கட்டளையைத் தேடித் திறந்தாள். கண்டெய்னருக்குள் எழுதுவது கண்டெய்னருக்குள்ளேயேதான் இருக்கும். வெளியே ஒரு அலமாரியில் எழுதிவை என்று கிளப்பும்போதே சொல்ல, கட்டளையில் ஒரு சொல் சேர்க்க வேண்டும். அவள் ஒட்டிய சுருக்கக் கட்டளையில் அந்தச் சொல் இல்லை. ஆவணி மாதத்துக் கல்யாணங்கள் முழுவதும் மாமாவின் வயிற்றுக்குள் இருந்தன. மாமா நின்றுபோய் இருந்தார்.

"சார், மணி என்ன?"

"பதினொண்ணு... ஆச்சு."

அவள் மேனேஜர் அறைக்கு ஓடிய வேகத்தில் ஒரு செருப்பு என் மேஜையடியிலேயே தங்கிவிட்டது. நானும் பின்னால் ஓடினேன். நான் ஓடியதற்குக் காரணம் கிடையாது, எல்லோரும் ஓடினார்கள்.

"வினோத் சார்! அடிக்காதீங்க! அடிக்காதீங்க!"

நெற்றியில் காயாத சந்தனத்தோடு வினோத் நிமிர்ந்தார். விரல் அப்போதுதான் விசையிலிருந்து எழுந்தது.

"அடிச்சல்லோ. எந்தே?"

முத்துலட்சுமி சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. "குடம்," என்றாள். "எவர்சில்வர் குடம்."

ஆனால் வினோத் அவளைப் பார்க்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஸீரோ? நீக்கியது ஸீரோவா? இது எங்ஙனே?"

அப்போதுதான் எல்லோர் காதிலும் அந்தச் சத்தம் விழுந்தது. மூலை அறையில் சர்வர், ஆயிரம் இலைப் பந்திக்கு ஒரே நேரத்தில் அடுப்பு மூட்டியதுபோல் இரைந்துகொண்டிருந்தது. அண்ணாச்சி மட்டும் ஓடிவராமல், கதவுக்கு வெளியே தன் சீட்டில், கடல் உப்புப் படிந்த தலையோடு, கையைக் கட்டி உட்கார்ந்திருந்தார்.

"அண்ணாச்சி," வினோத் மெதுவாகக் கேட்டார், "நிங்கள் எந்து செய்து?"

"கடக்கரையில காரியம் முடிச்சுட்டு ஏழு மணிக்கே வந்துட்டேன் சாரே. ஒவ்வொருத்தரா பேரு சொல்லி எழுப்புனேன். ஒண்ணரை மணி நேரம் ஆச்சு. முழிச்சிருக்கவங்களை ப்ரூன் தொடாதுல்லா? மேனுவல்ல போட்டிருக்கு."

இருபத்தாறு வருஷத்தில் என் எழுத்தை ஒருவர் மேற்கோள் காட்டியது அதுதான் முதல் தடவை. ஆபீஸில் இருந்த எட்டுப் பேரும் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையில் பாராட்டு இல்லை.

"எல்லாரையுமா அண்ணாச்சி?" முத்துலட்சுமி தரையிலிருந்து கேட்டாள். "எல்லாரையும் எழுப்புனீங்களா?"

"விசேச நாள்ல ஒருத்தரை விட்டுட்டு ஒருத்தரைக் கூப்பிட முடியுமா மக்ளே? உங்க மாமாவும் எழும்பி உக்காந்திருக்காரு. போய்ப் பாரு."

அவள் எழுந்து ஒற்றைச் செருப்போடு ஓடினாள். மாமாவின் வயிற்றிலிருந்து பதிவுகளை வெளியே எடுக்கக் கட்டளை அடிக்கவேண்டும். இரண்டு எழுத்து அடித்து 'டேப்' தட்டினாள். மாமாவோடு இன்னும் அறுபத்து மூன்று பேரைச் சுமந்துகொண்டு மூச்சுவாங்கிய கம்ப்யூட்டர் அசையவில்லை. மறுபடி தட்டினாள். இல்லை.

"அண்ணாச்சி, முழுப் பேரையும் அடிக்கணும்போல இருக்கே."

"சொல்லத்தான் கூடாது. எழுதலாம். ரேசன் கார்டுல எழுதலியா? அடி."

கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். முதல் தடவை பிழை. கண்ணைத் திறந்துகொண்டு அடி என்று எட்டுப் பேரும் கத்தினோம். இரண்டாம் தடவை, ஒரு நீண்ட யோசனைக்குப் பிறகு, கம்ப்யூட்டர் கல்யாணங்களைக் கக்கியது. நூற்றுப் பன்னிரண்டு. ஒன்றுகூடக் குறையவில்லை. கிளார்க் போனில் "வந்நு, வந்நு, எல்லாம் வந்நு!" என்று கூவினார். வினோத் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து முத்துலட்சுமிக்குக் கொடுத்தார். நான் யாரையோ கட்டிப்பிடித்தேன்; பிறகு பார்த்தால் அது வாட்டர் கேன் போட வந்தவர்.

கொண்டாட்டம் சரியாக ஏழு நிமிஷம் நீடித்தது. பிறகு ஆபீஸ் போன் அடித்தது. நெய்யாற்றின்கரையிலிருந்து ஒரு ஆள்.

"ஏய், எனக்கு நாளைக்குக் கல்யாணம்னு மெசேஜ் வந்திருக்கு. நான் கல்யாணம் செஞ்சு ஒரு வருசம் ஆச்சு. பெண்டாட்டி கைக்குழந்தையோட முன்னால நிக்கா. யாரு கூடன்னு கேக்கா. என்ன பதில் சொல்ல?"

அவர் வைத்ததும் இன்னொருவர். அப்புறம் இன்னொருவர். சந்தேகமே இல்லை, என் கொள்ளுத்தாத்தா நீலகண்டன். முந்தின வருஷம் வேறொரு மண்டபத்துக்கு வேலை பார்த்து, அந்த ஒப்பந்தம் முடிந்ததும் பாதியில் நிறுத்தப்பட்டவர், காலையில் அண்ணாச்சி எழுப்பியதும், அந்த நெரிசலில் மெல்ல மெல்ல, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்திருக்கிறார். வரிசையில் காத்திருந்த நாற்பத்தொரு பேருக்கும் 'நாளை உங்கள் திருமணம், பத்து மணிக்குள் மண்டபத்துக்கு வரவும்' என்று அனுப்பித் தீர்த்துவிட்டார். பெரும்பாலோர் சிரித்தார்கள். ஒருவர், ஒரு தடவை போதும், தயவுசெய்து விட்டுவிடுங்கள் என்றார். ஒரு தாய்மாமன் மட்டும் சனிக்கிழமை காலையில் பட்டு வேட்டியோடு மண்டபத்துக்கு வந்து, பூட்டிய கேட்டுக்கு முன்னால் நின்று, பந்தி எத்தனை மணிக்கு என்று விசாரித்தாராம்.

பெங்களூரிலிருந்து திங்கட்கிழமை உத்தரவு வந்தது. நடந்தது என்ன, யார் தவறு, எழுத்தில் வேண்டும். இரண்டு கேள்விகள் கேட்டிருந்தார்கள். பழைய அறுபத்து மூன்றையும் கிளப்பியது யார்? பதிவுகளை வெளியே சேமிக்காமல் உள்ளேயே விட்டது யார்? முதல் கேள்விக்குப் பதில் ஊருக்கே தெரியும். இரண்டாவதற்குப் பதில் முத்துலட்சுமி. ஆற்றிங்கல் முதலாளி கையெழுத்துப் போட்டுவிட்டார், ஆனால் அவளுடைய நிரந்தர உத்தரவு இன்னும் கையெழுத்தாகவில்லை. அது இருந்தது இந்தக் கேள்விகளைக் கேட்டவரின் மேஜையில்தான்.

எழுத்து என்றதும் வினோத் என்னிடம் வந்தார். "சார் எழுதிக்கோ. சார் எந்து எழுதியாலும் ஞான் ஒப்பு வைக்கும்." சொல்லிவிட்டு, என் கண்ணைப் பார்க்காமல் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டே போனார்.

அவர் போன பிறகு அண்ணாச்சி வந்து பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"ரெண்டும் நாந்தான்னு எழுதும்."

"ரெண்டாவது நீங்க இல்லையே அண்ணாச்சி. அன்னைக்கு நீங்க லீவு."

"மறுநாள் வந்து பேரை மாத்துனேம்லா? பேரைப் பாத்தவன் வயித்தைத் தொறந்து பாத்திருக்கணுமா வேண்டாமா? பாக்கலை. பின்ன அது எம்பேர்லதான் வரும்."

"இனிமே உங்களைச் சர்வரைத் தொடவே விடமாட்டாங்க."

"எனக்கு ரிட்டயராக இன்னும் ஒரு வருசம்தான வே? அந்தப் பிள்ளைக்கு முப்பது வருசம் கெடக்கு. எழுதும், எழுதும். நல்ல இங்கிலீசுல எழுதும்."

அப்படியே நடந்தது. சர்வரில் நுழையும் அனுமதியை அவரிடமிருந்து எடுத்துவிட்டார்கள். ஓய்வுபெறும்வரை தண்டனையாக என் கீழே மெய்ப்புப் பார்க்க அனுப்பினார்கள். என் வேலையைக் கம்பெனி எந்த இடத்தில் வைத்திருந்தது என்பது எனக்கு அன்றுதான் புரிந்தது. முத்துலட்சுமிக்கு அந்த மாதமே உத்தரவு வந்தது. இன்று அந்தக் கம்பெனி இன்னொரு கம்பெனிக்குள் கரைந்துவிட்டது, வினோத் கனடாவில் பனி தள்ளுகிறார், முத்துலட்சுமி மற்றவர்களுக்கு நிரந்தர உத்தரவு கொடுக்கும் நாற்காலியில் இருக்கிறாள். அதனால் இப்போது சொல்லலாம்: நான் எழுதியவற்றுள் தெரிந்தே பொய் சொன்னது அந்த அறிக்கை ஒன்றில்தான். யாருக்காவது உபயோகப்பட்டதும் அது ஒன்றுதான்.

அனுப்புவதற்கு முன் அண்ணாச்சியிடம் காட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, வாயை அசைத்து, ஒரு சொல் விடாமல் வாசித்தார். 'விதிகளை மீறி' என்ற இடத்தில் தலையை ஆட்டினார். 'கவனக்குறைவால்' என்ற இடத்தில், "கரெக்ட்டு" என்றார். 'முழுப் பொறுப்பும் இவரையே சாரும்' என்பதை இரண்டு தடவை வாசித்து, நடை நன்றாக இருப்பதாகச் சொன்னார். அதன் பிறகு விரல் ஒரு வரியில் நின்றது. 'பயனற்ற அறுபத்து மூன்று கண்டெய்னர்களை' என்று எழுதியிருந்தேன்.

"ஓய் மேனுவல்," என்றார். "இந்த ஒரு வார்த்தையை மட்டும் எடுத்துரும்."

எடுத்தேன். அவர் தன் சீட்டுக்குப் போகும்வரை காத்திருந்துவிட்டு, முதல் வரியில் இருந்த அவருடைய பெயருக்கு முன்னால் 'திரு.' என்று சேர்த்தேன். குற்றம் செய்தவர்களுக்கு அப்படிப் போடும் வழக்கம் எங்கள் ஆபீஸில் கிடையாது.